கை பழகிய கோட்டையே போடுகிறது: இதிலிருந்து எப்படி வெளியே வந்தீர்கள்?

மைக்கூடு (காரைக்குடி)

எல்லோருக்கும் வணக்கம். நான் கல்யாணப் பத்திரிகை, கடைப் பெயர்ப்பலகை, பலகாரப் பாக்கெட் லேபிள் இவற்றை வடிவமைத்துக் கொடுக்கிறேன். சொந்தத் தொழில்தான். வேலைக்குக் குறைவில்லை. வாங்கிப் போகிறவர்களும் திருப்தியாகத்தான் போகிறார்கள். திருப்தி இல்லாதது எனக்கு மட்டும்.

கொஞ்ச காலமாக எதைத் தொடங்கினாலும் கை ஒரே இடத்துக்குப் போய் நிற்கிறது. மேலே ஒரு வளைவு, இரண்டு பக்கமும் தூண், ஓரத்தில் ஆத்தங்குடித் தரைக்கல்லில் இருக்கும் பூ, நடுவில் பெயர். புதுமனை புகுவிழா என்றாலும் அதுதான், அறுபதாம் கல்யாணம் என்றாலும் அதுதான், சீப்புச் சீடைப் பாக்கெட் என்றாலும் அதுதான். நிறத்தை மாற்றுவேன், எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்குவேன், அவ்வளவே. வருகிறவர்களும் 'செட்டிநாடு மாதிரி போட்டுக் கொடுங்க' என்றுதான் கேட்கிறார்கள். அந்த 'மாதிரி' இப்போது விடுதி மெனு அட்டையில் இருக்கிறது, ஜவுளிக்கடைப் பையில் இருக்கிறது, மசாலாப் பொடி டப்பாவில் இருக்கிறது. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்துவிட்டு, இந்த ஊரை வெளியாள் பார்ப்பது போலவே நானும் வரைகிறேனே என்பதுதான் உறுத்துகிறது.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாலே சலிப்பு வருகிறது. காகிதத்தில் வரைந்தாலும் அதே கோடு. ஓவியம், எழுத்து, நெசவு, பாட்டு, நீங்கள் எதில் இருப்பவராக இருந்தாலும் சரி, கை இப்படி மாட்டிக்கொண்டபோது என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள். 'நாலு நாள் ஊட்டிக்குப் போய் வா' என்பது மட்டும் வேண்டாம். எனக்குத் தெரிந்து அப்படிப் போனவர்கள் எல்லாம் பழைய கையோடுதான் திரும்பி வந்தார்கள்.

தறிநாடா (காரைக்குடி)

தங்கச்சி, எங்கள் வீட்டில் கண்டாங்கிச் சேலை நெய்கிறோம். தறிக்காரன் பார்வையில் சொல்கிறேன்.

கண்டாங்கியில் என்ன இருக்கிறது? கட்டம், கோடு, அகலமான கரை. அடிப்படை அவ்வளவுதான். 2019ல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு தேடி வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள், சந்தோஷம். ஆனால் அவர்களும் போனில் ஒரு படத்தைக் காட்டி 'இதே மாதிரி' என்கிறார்கள். எங்களுக்கும் சலிப்பு வரத்தான் செய்கிறது.

தறியில் ஒரு வசதி உண்டு. பாவு ஏற்றிவிட்டால் நீளவாக்கில் ஓடும் நிறங்களை அப்புறம் மாற்ற முடியாது. நம் கையில் மிச்சம் இருப்பது குறுக்கே ஓடும் ஊடை நூல் மட்டும். அந்த ஊடையை மாற்றி மாற்றிப் பார்ப்போம். அரக்குப் பாவில் கறுப்பு ஊடை போனால் கட்டம் ஒரு மாதிரி, மஞ்சள் ஊடை போனால் முற்றிலும் வேறு மாதிரி. இரண்டு நூலும் சந்திக்கிற இடத்தில், சாயத்தில் இல்லாத மூன்றாவது நிறம் ஒன்று கண்ணுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் நல்ல கட்டங்கள் பலவும் பாவு முடியப்போகிற இடத்தில், மிச்ச நூலைப் போட்டுப் பார்த்ததில் பிறந்தவை.

உங்கள் கம்ப்யூட்டரில் கோடிக்கணக்கில் நிறம், நூற்றுக்கணக்கில் எழுத்துரு. அத்தனையும் திறந்து கிடந்தால் கை தெரிந்த இடத்துக்குத்தான் ஓடும். முதலில் பாதியைப் பூட்டுங்கள். இந்த வேலை முழுக்க ஒரே மை, ஒரே தடிமன் கோடு, படமே கிடையாது, எழுத்து மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பூட்டியதைப் பாதியில் திறக்கக் கூடாது, அதுதான் முக்கியம். மிச்சம் இருக்கும் பாதிக்குள் தேடும்போது கை வேறு வழி கண்டுபிடித்தே ஆக வேண்டும்.

பெட்டகச்சாவி (கோட்டையூர்)

எங்கள் ஊர் ரோஜா முத்தையாவை இங்கே நினைவுபடுத்த வேண்டும். அவரும் உங்கள் தொழில்தான், பெயர்ப்பலகை எழுதியவர். புத்தகம் மட்டும் அவர் சேர்க்கவில்லை. நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, பாட்டுப் புத்தகம், விளம்பரத் துண்டு என்று மற்றவர்கள் பழைய பேப்பர்காரருக்கு எடை போடுகிறதையும் சேர்த்தார். 1992ல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. அதுதான் இன்று சென்னை தரமணியில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. நீங்கள் ஒரு முறை கட்டாயம் போக வேண்டிய இடம். அச்சுக் கோத்த காலத்தில் ஒரு சின்ன நோட்டீசுக்குள் எத்தனை வகை எழுத்து விளையாடியிருக்கிறது என்று பார்த்தால் கண் திறக்கும்.

நான் கேட்க நினைப்பது ஒன்றுதான்: நீங்கள் தினமும் எதைப் பார்க்கிறீர்கள்? வடிவமைக்கிறவர்கள் பெரும்பாலும் மற்ற வடிவமைப்பாளர்களின் வேலையைத்தான் போனில் பார்க்கிறார்கள். 'செட்டிநாடு டிசைன்' என்று தேடினால் வளைவும் தூணும்தான் வரும், வேறென்ன வரும்? அதற்குப் பதிலாக நம் முனீஸ்வரன் கோவில் தெரு பழம்பொருள் கடைகளில் ஒரு பகல் முழுக்கச் செலவிடுங்கள். கதவு, தூண், கண்ணாடி இவற்றைப் பார்க்கவே வேண்டாம். எனாமல் தூக்குவாளி விளிம்பில் ஓடும் கோட்டைப் பாருங்கள். ரவிவர்மா படத்தின் மேல் யாரோ ஓர் ஆச்சி பொறுமையாகச் சமிக்கியும் ஜரிகையும் தைத்திருப்பதைப் பாருங்கள். பர்மாவிலும் மலேயாவிலும் கடை வைத்திருந்தவர்களின் பேரேட்டில் இருக்கும் கையெழுத்தைப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பித்தளைப் பாத்திரங்களில் வெட்டியிருக்கும் பெயர்களைப் பாருங்கள். சீர் கொடுத்த பாத்திரம் எதிலும் இனிஷியல் இருக்கும். உளி முனையால் புள்ளி புள்ளியாகத் தட்டிய எழுத்து. அதை எந்த எழுத்துரு நிறுவனமும் இன்னும் தொடவில்லை என்றே நினைக்கிறேன்.

ஊருணிக்கரை

பெட்டகச்சாவி சொன்ன பாத்திர எழுத்து அருமையான யோசனை. எங்கள் வீட்டுப் பெட்டகத்தில் ஏகப்பட்டது கிடக்கிறது. படம் எடுத்துப் போடுகிறேன்.

பூக்கல் (ஆத்தங்குடி)

எங்கள் பூவைப் பற்றிப் பேச்சு வந்ததால் நானும் வருகிறேன். தரைக்கல் ஊற்றுகிற பட்டறையில் அப்பா காலத்திலிருந்தே இருக்கிறோம்.

எல்லோரும் எங்கள் கல்லில் இருக்கும் பூவை எடுத்துப் போகிறார்கள். அந்தப் பூ எப்படி வருகிறது என்பதை யாரும் எடுத்துப் போவதில்லை. உங்களுக்கு உதவப் போவது அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கல்லை நாங்கள் கவிழ்த்துத்தான் செய்கிறோம். அடியில் ஒரு கண்ணாடி. அதன்மேல் இரும்புச் சட்டம். சட்டத்துக்குள் தகட்டை வளைத்துச் செய்த பூ அச்சு. சிமெண்ட், மணல், ஆக்சைடு நிறம் கலந்த குழம்பைச் சின்னக் கரண்டியால் அச்சின் ஒவ்வோர் அறையிலும் ஊற்றுவோம். பிறகு அச்சை ஆடாமல் மேலே தூக்க வேண்டும். கை கொஞ்சம் நடுங்கினாலும் இரண்டு நிறம் கலந்துவிடும். மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவினால் அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதற்கும் மேல் கலவை போட்டு மட்டம் செய்வோம். இவ்வளவும் நடக்கும்போது பூவின் முகம் கண்ணாடியைப் பார்த்துக் கீழே கிடக்கிறது. எங்களுக்குத் தெரிவது முதுகு மட்டும். இறுகவிட்டு, தண்ணீர்த் தொட்டியில் ஊறவிட்டு, காயவிட்டு, கண்ணாடியை விட்டுக் கழன்று வந்த பிறகுதான் முகம். சூளை கிடையாது. அந்தப் பளபளப்பு முழுக்கக் கண்ணாடியில் படிந்து கிடந்ததால் வந்தது.

அச்சே இல்லாமல் கையால் ஊற்றுகிற பூவும் உண்டு. நிறத்தை ஊற்றிவிட்டு, அது இறுகுவதற்குள் இழுத்துவிட வேண்டும். அதில் நின்று யோசிக்க முடியாது, சிமெண்ட் நமக்காகக் காத்திருக்காது. பழகிய ஆட்கள் ஊற்றும்போது பாருங்கள், ஒரு கல் போல் இன்னொரு கல் இருக்காது. ஆனால் தரையில் பதித்தால் எல்லாம் ஒரே குடும்பமாக இருக்கும்.

நான் பார்த்த வரையில் முதலில் களைத்துப்போவது கண்தான். கோடு போடப் போட அது பக்கத்தில் நின்று மார்க் போடுகிறது. 'இது சரியில்லை, அது நன்றாக இல்லை' என்று. அதற்குப் பயந்து கை, ஏற்கெனவே மார்க் வாங்கிய கோட்டையே போடுகிறது. எங்கள் வேலையில் ஊற்றும்போது மார்க் போடவே வழியில்லை. முகம் தெரிகிற நாள் வேறு. பார்த்துப் பிடிக்காவிட்டால் ஒதுக்கி வைப்போம், ஆனால் அதற்குள் நூறு கல் ஊற்றி முடித்திருப்போம்.

தங்கச்சியும் செய்கிற நேரத்தையும் பார்க்கிற நேரத்தையும் பிரித்து வைத்துப் பாருங்கள். ஒரே நாளில் இரண்டும் வேண்டாம்.

வெற்றிலைப்பெட்டி (தேவகோட்டை)

நான் சிறுகதை எழுதுகிறேன். மைக்கூடு சொல்கிற வளைவும் தூணும் எங்கள் பக்கமும் உண்டு. செட்டிநாட்டுக் கதை என்றால் பூட்டிக் கிடக்கிற பெரிய வீடு, திண்ணையில் தனியாக ஒரு ஆச்சி, வெளிநாட்டில் பிள்ளைகள், கடைசிப் பத்தியில் வீடு இடிபடும். நானும் அதையே எழுதிக்கொண்டிருந்தேன். பத்திரிகைகளும் போட்டுக்கொண்டிருந்தன.

எனக்கு வழி காட்டியது கண்ணதாசன் வேலை செய்த விதம். 1927ல் சிறுகூடல்பட்டியில் பிறந்தவர், நம்மவர்தான், ஆனால் அவர் பாட்டெழுதிய முறையைப் பற்றி நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. மெட்டு வந்துவிடும். அந்தச் சந்தத்துக்குள்தான் சொல் நிற்க வேண்டும். அவர் வாயால் சொல்லச் சொல்ல உதவியாளர் எழுதிக்கொள்வார். பஞ்சு அருணாசலம் அப்படிப் பக்கத்தில் இருந்து எழுதிக்கொண்டவர்தான், பின்னால் தாமே பெரிய எழுத்தாளராக, தயாரிப்பாளராக வந்தார்.

வாயால் சொல்வது என்பதை நான் பிடித்துக்கொண்டேன். ஊருணியைச் சுற்றி நடந்துகொண்டே போனில் கதையைச் சொல்லிப் பதிவு செய்தேன். எழுதும்போது என் வாக்கியம் எல்லாம் சோகமாக நீளும். பேசும்போது நீளவில்லை. பேசுகிறவனுக்குக் கேட்கிற ஆள் ஒருத்தர் வேண்டியிருக்கிறது, அவருக்குப் போரடிக்கக் கூடாது என்ற கவலை தானாக வருகிறது. 'அப்புறம் என்ன ஆச்சு' என்ற கேள்வி பின்னாலேயே வந்துகொண்டிருக்கும்.

இன்னொன்றும் நடந்தது. சொல்லிக்கொண்டே போனபோது கதையில் இதுவரை வராத ஆட்கள் வந்தார்கள். அந்தப் பெரிய வீட்டின் சாவியை வைத்துக்கொண்டு வாரம் ஒரு முறை விளக்கேற்றுகிறவர். இடிக்கிற வீட்டுத் தேக்குத் தூணை விலைபேசி லாரியில் ஏற்றுகிற இளைஞர். அவருக்கு அது சோகம் இல்லை, அன்றைய வேலை, மத்தியானச் சாப்பாட்டுக்கு எங்கே நிறுத்தலாம் என்ற யோசனை. ஆச்சியைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்த வரை இவர்கள் யாரும் எனக்குக் கண்ணில் படவில்லை. பூக்கல் அண்ணன் சொன்னது போல, பதிவு செய்ததை அன்றைக்கே போட்டுக் கேட்கமாட்டேன். கேட்டால் திருத்தத் தோன்றும், திருத்தத் தொடங்கினால் பழைய வீடு திரும்ப வந்துவிடும்.

கணக்குப்பிள்ளை (புதுவயல்)

எல்லோரும் கலையைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் அச்சகம் நடத்துகிறேன், காசைப் பற்றிச் சொல்கிறேன். மைக்கூடு மாட்டியிருப்பதில் பாதி, விலை வைக்கிற விதத்தால்.

பத்திரிகைக்கு வருகிறவர் மூன்று மாதிரி கேட்பார். கொடுக்கிற காசில் மூன்று புதிய மாதிரி யோசிக்க நேரம் கிடையாது. அதனால் ஒன்றை யோசித்து, மற்ற இரண்டையும் பழையதிலிருந்து மாற்றிக் காட்டுவோம். அவர் பழையதைத்தான் தேர்ந்தெடுப்பார், ஏனென்றால் சொந்தக்காரர் வீட்டுப் பத்திரிகையில் பார்த்துப் பழகியது. அடுத்த முறை அந்த ஒன்றையும் யோசிக்கமாட்டோம். இப்படித்தான் கை தேய்கிறது. ஊக்கம் குறைந்ததால் என்று நாம் பெயர் வைத்துக்கொள்கிறோம்.

இரண்டு விலை வையுங்கள். இருக்கிற மாதிரியில் பெயர் மாற்றிக் கொடுப்பதற்கு ஒன்று, புதிதாகச் செய்வதற்கு ஒன்று. முதலாவதை வெட்கப்படாமல் வேகமாகச் செய்து கொடுங்கள், அதில் உங்கள் மனதைப் போட வேண்டாம். அது சோறு போடட்டும். இரண்டாவதைக் கேட்டு வருகிறவர் குறைவாகத்தான் இருப்பார், ஆனால் அவர் புதிதை எதிர்பார்த்து வருகிறவர்.

அப்புறம், நம் தொழிலுக்கு ஆடியும் மார்கழியும் சும்மா கிடக்கிற மாதங்கள். முகூர்த்தம் கிடையாது. அந்த இரண்டு மாதமும் நாமெல்லாம் வாடகையை நினைத்துக் கவலைப்பட்டே கழிக்கிறோம். தை முகூர்த்தத்தில் வரும் காசில் கொஞ்சம் ஒதுக்கி வைத்து, ஆடியை உங்கள் சொந்த வேலைக்கு என்று எழுதி வையுங்கள். ஓய்வு நேரத்தில் செய்யலாம் என்று விட்டால் ஓய்வு வராது.

மைக்கூடு (காரைக்குடி)

இத்தனை பேர் இவ்வளவு அக்கறையாக எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. எல்லோருக்கும் நன்றி.

பூக்கல் அண்ணன் சொன்னதை முதலில் பிடித்துக்கொண்டேன். கல் ஊற்ற எனக்கு வசதி இல்லை. ஆனால் எங்கள் வளவில் பழைய கண்ணாடிப் படங்கள் சில உண்டு, கண்ணாடியின் பின்பக்கத்தில் வரைந்து முன்பக்கமாகப் பார்க்கிற வகை. அதை வரையும் வரிசையே நேர்மாறு. சாதாரணப் படத்தில் கடைசியில் வைக்கிற கண்ணும் நகைக் கோடும் அதில் முதலில். முகத்தின் நிறம் அதற்கு மேல். பின்னணி கடைசியில். முதலில் வைத்த கோட்டை அப்புறம் தொடவே முடியாது, நிறத்துக்கு அடியில் போய்விடும்.

உடைந்த புகைப்படச் சட்டத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றி, அக்ரிலிக் நிறத்தில் எழுத்து எழுதிப் பார்த்தேன். பின்பக்கத்திலிருந்து எழுதுவதால் இடம் வலம் மாற்றி எழுத வேண்டும். 'ழ', 'ஞ', 'ஸ்ரீ' மூன்றும் என்னைத் திணறடித்துவிட்டன. இத்தனை நாள் நினைவிலிருந்து எழுதிக்கொண்டிருந்த எழுத்தை இப்போது ஒவ்வொரு வளைவாக யோசித்து இழுக்க வேண்டியிருந்தது. எந்த இடத்தில் தூரிகையை அழுத்துவது, எங்கே விடுவது என்பதே புதிதாக இருந்தது. சுவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு மறுநாள்தான் பார்த்தேன். பத்திரிகையில் போடும் அளவுக்கு எதுவும் இல்லை. ஆனால் 'ழ'வின் வால் ஒன்று, நான் வாழ்நாளில் போடாத ஒரு கனத்தோடு வந்திருந்தது. அதை வெட்டி எடுத்து மேசைக்கு மேல் ஒட்டியிருக்கிறேன்.

கணக்குப்பிள்ளை ஐயா, இரண்டு விலை யோசனையை இந்த மாதமே செயல்படுத்துகிறேன்.

மாக்கோலம் (பள்ளத்தூர்)

அம்மாடி, எல்லோரும் மாற்று மாற்று என்கிறார்கள். நான் கொஞ்சம் வேறு மாதிரி சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

எங்கள் வீட்டில் நல்ல நாளில் நடுவீட்டுக் கோலம் போடுவோம். அரிசியை ஊறவைத்து அரைத்து, விரலால் இழை விட்டுப் போடுகிற மாக்கோலம். என் ஆயா போட்டதும் அதே கோலம்தான், நான் போடுவதும் அதேதான், சிங்கப்பூரில் என் பெண் பொங்கலுக்குப் போட்டுப் படம் அனுப்புவதும் அதேதான். ஒரு கோட்டைக்கூட நாங்கள் மாற்றியதில்லை. அதற்காக எனக்கு ஒருநாளும் சலித்ததில்லை. என்ன போடுவது என்று யோசிக்க வேண்டாதபோது, மாவு பதமாக இருக்கிறதா, இழை ஒரே அளவாக விழுகிறதா என்பதில் மட்டும் மனசு நிற்கும். எழுந்திருக்கும்போது தலை தெளிவாக இருக்கும். அதற்கப்புறம்தான் எனக்கு மற்ற யோசனை எல்லாம் வரும்.

உனக்கும் மாறாத ஒன்று வேண்டும். யாருக்கும் கொடுக்க வேண்டாம், காசுக்கு வேண்டாம். காலையில் எழுந்ததும் அதைப் போடு. புதிது எல்லாம் அப்புறம்.

இன்னொன்று. 'செட்டிநாடு மாதிரி' என்று கேட்கிறவர்களைக் குறைவாக நினைக்காதே. அவர்களில் பாதிப் பேருக்கு அந்த வீடு இப்போது இல்லை. பங்கு பிரிந்து, விற்று, இடித்து என்று என்னென்னவோ ஆகியிருக்கும். பிள்ளை கல்யாணப் பத்திரிகையிலாவது முகப்பு இருக்கட்டும் என்றுதான் கேட்கிறார்கள்.

பெட்டகச்சாவி (கோட்டையூர்)

ஆச்சி, நீங்கள் சொல்வது மனசுக்குப் படுகிறது. ஆனாலும் ஒரு வித்தியாசத்தைச் சொல்லியாக வேண்டும். நடுவீட்டுக் கோலத்தை யாரும் விலைக்குக் கேட்பதில்லை. மாறாமல் இருப்பதுதான் அதன் நோக்கமே. மைக்கூடு புதிது என்று சொல்லிக் கொடுக்கிற இடத்தில் பழையது வருகிறது. இரண்டும் ஒன்றாகாது.

மாக்கோலம் (பள்ளத்தூர்)

ஒன்று என்று நான் சொல்லவில்லை அப்பு. ஒன்று இருந்தால் இன்னொன்றைத் தாங்கலாம் என்கிறேன்.

தறிநாடா (காரைக்குடி)

ஆச்சி சொல்வதில் உண்மை இருக்கிறது. தறியில் உட்கார்ந்து வெறும் வெள்ளை நெய்கிற நாளில்தான் அடுத்த சேலைக்கான கட்டம் எனக்கு மனதில் ஓடும். கட்டத்தை யோசித்தே தீர வேண்டும் என்று உட்கார்ந்த நாளில் ஒன்றும் வராது.

மீட்டு (புதுக்கோட்டை)

பக்கத்து ஊர்க்காரி, வீணை பழகுகிறேன். காரைக்குடி வீணை சகோதரர்கள் என்றால் உங்கள் எல்லோருக்கும் தெரியும். மூத்தவர் சுப்பராமையர் வீணையை மடியில் கிடத்தாமல் நிமிர்த்தி வைத்து வாசித்தவர். இளையவர் சாம்பசிவையர் வழக்கம்போல் கிடத்தி வைத்து வாசித்தார். ஒரே வீடு, ஒரே பாடம், ஒரே கச்சேரி மேடை. உடம்பு வாத்தியத்தோடு உட்காருகிற விதம் மட்டும் வேறு.

எனக்குப் பிரயோகங்கள், அதாவது ஸ்வரங்களைக் கோத்து வாசிக்கிற விதங்கள், எல்லாம் ஒரே அச்சில் விழத் தொடங்கியபோது என் ஆசிரியர் ராகத்தை மாற்றச் சொல்லவில்லை. இடது கை ஒரே ஒரு விரலால் வாசி என்றார். வேகம் போய்விட்டது. விரலை வைத்து இழுக்கிற கமகம் மட்டும்தான் மிச்சம். அதில் கேட்ட ஒலிகள் எனக்கு அதுவரை தெரியாதவை. மைக்கூடு அக்கா, நீங்கள் மேசையில் உட்கார்ந்தே வரைகிறீர்கள் என்றால், சுவரில் பெரிய காகிதம் ஒட்டி நின்றுகொண்டு தோள் அசைய எழுதிப் பாருங்கள். பெயர்ப்பலகை எழுதுகிறவர்கள் எல்லாம் நின்றுதானே எழுதினார்கள்? மணிக்கட்டு பழகிய கோடு தோளுக்குத் தெரியாது.

செவிலி (சிவகங்கை)

குறுக்கே ஒன்று. இங்கே படித்துக்கொண்டிருக்கிறவர்களில் யாருக்காவது வரைய, எழுத முடியாததோடு சேர்த்துத் தூக்கம் கெட்டு, சாப்பாடு பிடிக்காமல், முன்பு பிடித்த எதிலுமே மனம் ஒட்டாமல் வாரக்கணக்கில் போய்க்கொண்டிருந்தால், அதைக் கலைச் சலிப்பு என்று தள்ளிப் போடாதீர்கள். அது மனச்சோர்வாக இருக்கலாம், அதற்கு மருத்துவம் உண்டு. அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவைப் பாருங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸில் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. மைக்கூடுக்கு அப்படி என்று நான் சொல்லவில்லை. படிக்கிற எல்லோருக்குமாகச் சொல்கிறேன்.

மைக்கூடு (காரைக்குடி)

செவிலி அக்கா, சொன்னதற்கு நன்றி. எனக்குத் தூக்கமும் சாப்பாடும் நன்றாகவே இருக்கிறது. ஆனால் இங்கே இதைச் சொல்லி வைத்தது நல்லது.

இப்போது எங்கே நிற்கிறேன் என்று சொல்கிறேன். புதிதாகச் செய்யச் சொல்லி ஒரு கல்யாணப் பத்திரிகை வந்திருக்கிறது. மணப்பெண்ணே கேட்டு வந்தாள், இரண்டாவது விலைக்குச் சம்மதித்து. தறிநாடா அண்ணன் சொன்னபடி முதலில் பூட்டினேன்: ஒரே மை, படம் கிடையாது. பிறகு பெட்டகச்சாவி சொன்ன பாத்திர எழுத்தைப் பார்க்கப் போனேன். இப்போது பெயர் வெட்டுவது பெரும்பாலும் மெஷினில்தான். ஆனால் உளியும் சுத்தியலும் வைத்து வெட்டுகிற பெரியவர் ஒருவரைப் பிடித்துவிட்டேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் புரிந்தது, வளைவு வருகிற இடத்தில் புள்ளிகளை நெருக்கி வைக்கிறார், நேர்க்கோட்டில் தள்ளி வைக்கிறார். எழுத்தின் கனமும் மெலிவும் கோட்டின் தடிமனில் இல்லை, புள்ளிகளின் இடைவெளியில் இருக்கிறது. இப்படி ஒரு வழி இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அந்தப் புள்ளி எழுத்தை நான் அப்படியே நகல் எடுக்கப் போவதில்லை. எடுத்தால் அடுத்த வருடம் அதுவும் வளைவு, தூணோடு சேர்ந்துவிடும். இடைவெளியால் கனம் காட்டுவது என்ற அந்த வேலை முறையை மட்டும் எடுத்துக்கொண்டு, நின்றபடி, சுவரில், பெரிய அளவில் ஊசியால் குத்திக் குத்தி மணமக்கள் பெயரை எழுதிக்கொண்டிருக்கிறேன். குத்திய காகிதத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால்தான் எழுத்து தெரியும். அதனால் செய்யும்போது மார்க் போட முடியவில்லை, பூக்கல் அண்ணே.

மாக்கோலம் ஆச்சி, நீங்கள் முகப்பைப் பற்றிச் சொன்ன பிறகு முதல் விலை வேலைகளையும் நான் வேண்டாவெறுப்பாகச் செய்வதில்லை. யார் வீட்டு முகப்பு என்று கேட்கிறேன். படம் இருந்தால் கொண்டு வரச் சொல்கிறேன். பொதுவான தூணுக்குப் பதிலாக அந்த வீட்டுத் தூண், அந்த வீட்டுக் கம்பிக் கதவு. நேற்று ஒருவர் கொண்டு வந்த படத்தில் நிலைக்கு மேலே கஜலட்சுமிக்குப் பக்கத்தில் துப்பாக்கி பிடித்த சிப்பாய் நின்றுகொண்டிருந்தான். அவனையும் பத்திரிகையில் கொண்டு வந்துவிட்டேன்.

ஆடி மாதத்தை எழுதி வைத்துவிட்டேன். அதில் முதல் வேலை ஆத்தங்குடியில் கல் ஊற்றிப் பார்ப்பது. பூக்கல் அண்ணே, வரலாமா?

ஊருணிக்கரை

அண்ணே, நானும் வரலாமா? பாத்திரப் படங்களை இன்றைக்குள் இங்கே போட்டுவிடுகிறேன்.

பூக்கல் (ஆத்தங்குடி)

இரண்டு பேரும் தாராளமாக வாருங்கள். காலையிலேயே வந்தால் நல்லது, வெயில் ஏறிவிட்டால் கலவை சீக்கிரம் இறுகும். பழைய உடுப்பில் வாருங்கள், ஆக்சைடு கறை போகாது. அச்சு வேண்டுமா, கையாலேயே ஊற்றிப் பார்க்கிறீர்களா என்று இப்போதே முடிவு செய்ய வேண்டாம், வந்து பார்த்துச் சொல்லுங்கள். ஆளுக்குப் பத்து கல்லாவது ஊற்றுங்கள், ஒன்றிரண்டில் ஒன்றும் தெரியாது. ஊற்றிய கல்லை அன்றைக்கே எடுத்துப் போக முடியாது, அடுத்த வாரம் இன்னொரு தரம் வர வேண்டியிருக்கும். அதற்கும் சேர்த்து நாள் பார்த்து வையுங்கள்.